மூன்று சீமெந்துக் கல் உயரம்

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் இரண்டும் மூன்று வருடம் ஷோகேசின் உச்சியில்தான் இருந்தன. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் தட்டில் எங்கள் வீடு. முன்னறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். அதன் குறுஞ்சுவர் ஒன்றை முழுக்க அடைத்துக்கொண்டு ஷோகேஸ் நிற்கிறது. நடுவில் ரி.வி., இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் அக்கா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கிண்ணங்களும் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பீங்கான் கோப்பைகளும். மிஞ்சிய இடம் அதன் தலைதான். ஆறடி உயரத்தில், சுவரோடு ஒட்ட, ஆளுக்கொரு மூலையில் பெட்டிகளை ஏற்றி வைத்தேன்.

கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்திடம் பழசாக வாங்கியவை அவை. 14 அங்குல உயரப் பெட்டி, ஆறரை அங்குலக் கூம்பு, அதற்கு மேலே மேல்சுருதிக்கென்று சின்ன ட்வீட்டர், பின்பக்கம் காற்றுத் துளை. வாங்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பார்த்தேன்: கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு ரப்பரா, ஃபோமா என்று. ஃபோம் என்றால் காலப்போக்கில் தானாகவே பொடிந்து உதிரும். கடலோரத்து ஈரக்காற்றில் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு. ரப்பர் விளிம்பு நெடுங்காலம் தாங்கும். பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் முதலில் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பெட்டிகள் நல்லவை. ஆனால் சத்தம் பிடிக்கவில்லை. பேஸ், அதாவது கீழ்ச்சுருதி, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது. மிருதங்கம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே சுருதியில் "டும்" என்றது. கோப்பைகள் சேர்ந்து கிணுகிணுத்தன. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. அம்மா ஒருநாள் பிளேன்ரீயை மேசையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, பாட்டு எல்லாம் எங்கட தலைக்கு மேலால போகுது. ஆள் கீழ இறங்கிறாரே இல்ல."

ஒரு கடையில் போய்க் கேட்டேன். ஸ்பீக்கர் பழசு, அதுதான் காரணம் என்றார்கள். பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்றை வாங்கிச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். ஏற்கனவே பேஸ் முழங்குகிற அறைக்கு இன்னும் பேஸ் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வாங்காமல் திரும்பி வந்தேன். பெட்டியில் குறை இல்லை, அதை வைத்த இடத்தில்தான் குறை என்று உறுதியாகத் தெரியவர இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது.

ஸ்பீக்கரை உயரத்தில், சுவரோடு ஒட்டி வைக்கும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். வானொலிப் பெட்டியிலிருந்துதான் என்று நினைக்கிறேன். கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர் 16 அன்று. அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைக்கு வீட்டில் சத்தம் வரும் சாமான் என்றால் அது வானொலி ஒன்றுதான். ஒற்றை ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்த மரப்பெட்டி. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் சுவர்த்தட்டில் வைப்பார்கள். சுவரும் மூலையும் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் மெல்லிய பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்கு அது சரியான இடம். ஸ்டீரியோ வந்தபோது பெட்டி இரண்டானது. வைக்கும் இடத்தை நாங்கள் மாற்றவில்லை.

சுவர் ஏன் பேஸைக் கூட்டுகிறது என்பது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். கொழும்புச் சூட்டில், 30 பாகையில், ஒலி வினாடிக்கு 349 மீட்டர் அளவில் ஓடும். 50 ஹேர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏழு மீட்டர் நீளம். அவ்வளவு நீள அலைக்கு 14 அங்குலப் பெட்டி ஒரு தடையே இல்லை. முன்னால் இருக்கும் கூம்பிலிருந்து பிறந்தாலும் பெட்டியைச் சுற்றிப் பின்னுக்கும் பரவும், சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் போகும் ஒலியோடு சேரும். ஒரு சுவர் ஆழ்ந்த ஒலியை 6 டெசிபல் வரை கூட்டிவிடும். மூலை என்றால் அதற்கும் மேல். ட்வீட்டரிலிருந்து வரும் 5,000 ஹேர்ட்ஸ் ஒலிக்கோ அலை நீளம் 7 சென்டிமீட்டர்தான். அது பெட்டியைச் சுற்றி வளையாது, ட்வீட்டர் பார்க்கும் பக்கம்தான் போகும். ஆக எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: கீழ்ச்சுருதி எல்லாம் மூலையில் சேர்ந்து வீங்கியது, மேல்சுருதி எல்லாம் எங்கள் தலைக்கு மேலால் எதிர்ச்சுவருக்குப் போனது. அம்மா சொன்னது அப்படியே சரி.

சரி, இறக்கத்தான் வேண்டும். எதன் மேல் வைப்பது?

ஒழுங்கையின் முனையில் இன்னொரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று எழும்பிக்கொண்டுதான் இருக்கும். அங்கே வேலை செய்த மேசனிடம் ஆறு சீமெந்துக் கல் இரவல் கேட்டேன். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம் உள்ள கட்டடக் கல். மூன்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் 24 அங்குலம். வெளிநாட்டில் விற்கும் ஸ்பீக்கர் ஸ்டாண்டுகளில் மிகச் சாதாரணமான உயரமும் அதுதான். பிரம்புக் கதிரையில் இருந்தால் என் காது நிலத்திலிருந்து 36 அங்குலம். பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் 11 அங்குலம். கழித்தால் 25. ஒரு கொப்பியை மேலே வைத்ததும் உயரம் சரியாக வந்தது.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதைச் செய்வதில்லை. ஸ்டாண்ட் வாங்குவதற்கோ செய்விப்பதற்கோ முன், கல்லோ புத்தகக் கட்டோ அடுக்கி இரண்டு கிழமையாவது கேளுங்கள். எவ்வளவு உயரம், எந்த இடம் என்பதைக் காது முடிவுசெய்த பிறகு இரும்புக்குக் காசு கொடுக்கலாம். உங்கள் வீட்டுக் கதிரை என் வீட்டுக் கதிரை இல்லை. பாயில் இருந்து கேட்கிறவருக்கு 24 அங்குலம் கூடிப்போகும்.

கல்லின் மேல் ஏற்றிய முதல் இரவே கோப்பைகளின் கிணுகிணுப்பு நின்றுவிட்டது. மிருதங்கத்தின் இரண்டு தலையும் வேறுவேறாகக் கேட்டன. ஆனாலும் பாடுகிறவர் நடுவில் நிற்கவில்லை. குரல் அறை முழுக்கக் கரைந்திருந்தது, பிடி கிடைக்கவில்லை.

எங்கள் பழைய பாட்டுகள் இந்த இடத்தில் பெரிய உதவி. ஐம்பது, அறுபதுகளில் வந்த தமிழ்ப் படப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. அப்படியென்றால் சரியாக வைத்த ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்து கேட்கும்போது குரல் முழுவதும் ஒரே ஒரு புள்ளியிலிருந்து, பெட்டியே இல்லாத வெறும் நடுவிலிருந்து, ஒரு முகத்தின் அகலத்தில் வர வேண்டும். அகன்று வந்தால், ஒரு பக்கம் சரிந்தால், எங்கோ பிழை இருக்கிறது. விலை உயர்ந்த பரிசோதனைத் தட்டு ஒன்றும் தேவையில்லை. அம்மாவுக்குப் பிடித்த பாட்டே போதும்.

பிழை வயரில் இருந்தது. ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் மாறிக் கொடுத்திருந்தேன். ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும், இரண்டும் ஒன்றையொன்று தின்னும், குரலுக்கு நடு இருக்காது. மூன்று வருடமும் அப்படியே கேட்டிருக்கிறோம் என்பதை நினைக்க மனம் கனத்தது. இதைச் சோதிக்க ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்று போதும். அம்பிளிபயரிலிருந்து வயரைக் கழற்றி, பற்றரியின் கூட்டல் முனையைச் சிவப்புக்கும் கழித்தல் முனையைக் கறுப்புக்கும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு முன்னால் துள்ள வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரித் துள்ளினால் சரி.

வயரை மாற்றிப் பூட்டியதும் குரல் வந்து நடுவில் நின்றது. ரி.வி.க்கு முன்னால், இருட்டில், ஒரு ஆள் உயரத்தில். நான் எழும்பிப் போய் அந்த இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தேன்.

ஸ்டீரியோவைக் கண்டுபிடித்த அலன் புளூம்லைனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சினிமாக் கொட்டகையில் நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லையாம். ஆளைத் தொடர்ந்து குரலும் போக ஒரு வழி தன்னிடம் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்துப் பெற்ற பிரித்தானியக் காப்புரிமையில் ஸ்டீரியோவின் அடிப்படைகள் எல்லாம் இருக்கின்றன. ஆளும் குரலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே கேள்வி. அம்மாவின் முறைப்பாடும் அதுவேதான்.

அப்புறம் இடம் பார்க்கும் வேலை. இது ஒரு நாளில் முடிவதில்லை. எனக்கு ஐந்து கிழமை போனது.

முதலில் கதிரையைப் பின்சுவரிலிருந்து மூன்றரை அடியில் போட்டிருந்தேன். தவிலின் தொப்பிப் பக்கம் கழியால் அடிக்கும் அடி பாதி காணாமல் போனது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றில்தான் அதைக் கண்டுபிடித்தேன். மற்றப் பக்கமான வலந்தலையில் விரல்கள் பொரிவது துல்லியமாகக் கேட்க, தொப்பி மட்டும் அடுத்த அறையில் இருப்பதுபோல் இருந்தது. ஸ்பீக்கரில் பிழை இல்லை. எழும்பி முன்னுக்கு வந்தால் தொப்பியும் திரும்பி வந்தது.

காரணம் அறையின் நீளம். 14 அடி என்பது 4.27 மீட்டர். இரண்டு சுவருக்கும் இடையே முன்பின்னாக அடிபடும் அலைகளில் முதலாவது 41 ஹேர்ட்ஸ், இரண்டாவது 82. முதலாவது அலை சரியாக அறையின் நடுவில் செத்துப்போகும். இரண்டாவது அலை ஒவ்வொரு சுவரிலிருந்தும் நீளத்தின் காற்பங்கில், அதாவது மூன்றரை அடியில், செத்துப்போகும். கதிரையை நான் போட்டிருந்தது அந்த இடத்திலேயே. கைத்தொலைபேசியில் ஒரே சுருதி ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, 82 ஹேர்ட்ஸை மெதுவாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். சுவரோரத்தில் முழங்குவது இரண்டு எட்டு வைத்ததும் ஊமையாகிப் போகும். காற்றுக்குள் மேடும் பள்ளமும் இருப்பதைக் காதால் தடவிப் பார்க்கிற அனுபவம் அது. அன்றைக்குத்தான் நான் இருந்து கேட்கும் அறையை முதன்முதலாக அறிந்தேன்.

பின்சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதத்தில் கதிரையைப் போட்டுத் தொடங்கு என்று இந்தத் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு. எங்களுக்கு அது ஐந்தே கால் அடி. அங்கே போட்டதும் இன்னொரு நன்மையும் கிடைத்தது. குசினிக்குப் போகிற வழி கதிரைக்குப் பின்னால் விழுந்தது. அம்மா முன்னால் குறுக்கே நடக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. அறை நடுவில் கதிரை கிடப்பதை முதலில் அவர் விரும்பவில்லை. வழி விட்டதைக் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டிகளின் முகம் முன்சுவரிலிருந்து 3 அடி. ஷோகேசின் ஆழத்தைக் கழித்தால் உண்மையான வெளி இன்னும் குறைவு. என்றாலும் பின்பக்கத் துளை மூச்சுவிடப் போதும். பக்கச் சுவரிலிருந்து 2 அடி 3 அங்குலம். இந்த இரண்டு தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குறிப்பிட்ட ஒரு சுருதியில் நேர் ஒலியை வெட்டும், தூரம் அந்த அலையின் காற்பங்காக இருக்கும்போது. 3 அடிக்கு அது 96 ஹேர்ட்ஸ் அளவில் விழும். பக்கத் தூரமும் 3 அடி என்றால் இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழுந்து அங்கே ஒரு குழி உண்டாகும். தூரங்களை மாற்றி வைத்தால் குழி ஆழமில்லாமல் பரவிவிடும்.

இரண்டு பெட்டிக்கும் இடையே ஆறரை அடி. ஒவ்வொன்றிலிருந்தும் என் தலைக்கு ஏறக்குறைய அதே ஆறரை அடி. முக்கோணம் மூன்று பக்கமும் சமமாக அமைந்தது. அளக்க நாடாவை நம்பவில்லை. கதிரையின் தலைப்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டி, இடது ட்வீட்டர்வரை இழுத்து முடிச்சுப் போட்டு, அதே நூலை வலதுக்குக் கொண்டுபோனேன். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் நூல் காட்டிவிடும். ஏன் இவ்வளவு கவனம் என்றால், முதலில் வந்து சேரும் ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஆள் இருப்பதாக எங்கள் காது முடிவுசெய்துவிடும். ஜேர்மனியில் ஹெல்மூட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். ஒரு அடி தூர வித்தியாசம் ஏறக்குறைய 0.9 மில்லிசெக்கன். அது போதும், குரல் நடுவை விட்டுக் கிட்ட இருக்கும் பெட்டிக்குள் போய்விடும்.

இடம் உறுதியான பிறகுதான் ஸ்டாண்ட். தெஹிவளையில் ஒரு வெல்டிங் கடைக்குப் படம் கீறிக் கொண்டுபோனேன். பூச்சாடி வைக்கவா என்று சிங்களத்தில் கேட்டார். ஸ்பீக்கர் வைக்க என்றதும் தண்டை எவ்வளவு தடிப்பில் வேண்டும் என்றார். 4 அங்குல பொக்ஸ் பார் என்ற சதுர இரும்புக் குழாய், அடியில் 12 அங்குலச் சதுரத் தகடு, மேலே பெட்டியின் அடியளவுக்குச் சின்னத் தகடு. பெட்டியை விட மேல்தகடு பெரிதாக இருக்கத் தேவையில்லை. அடித்தகடு அகலமாக இருக்கத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரியின் பேரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தாலும் சரியக் கூடாது. தண்டின் மேல் முனையில் மணல் போட ஒரு துளை விடச் சொன்னேன். பற்றவைத்த இடங்களுக்கு இரண்டு தரம் சிவப்பு நிறத் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் கறுப்பு. கடலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி வாழ்கிறவர்கள் இந்தப் பூச்சில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

வெறும் குழாயை விரலால் சுண்டினால் கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பாட்டு ஓடும்போதும் அது மெல்ல ஒலித்துக்கொண்டுதான் இருக்கும், மத்திய சுருதியில் ஒரு பூச்சு மாதிரி. மணல் அந்த ஒலியைக் கொன்றுவிடும். துகள்கள் ஒன்றோடொன்று உரசி, அதிர்வு சூடாக மாறிப் போய்விடும். ஆனால் கடற்கரை மணல் ஆகாது. ஒழுங்கையின் முனையில் இறங்கினால் தண்டவாளத்துக்கு அப்பால் வேண்டிய மட்டும் மணல் கிடக்கிறதே என்று தோன்றும். அதிலிருக்கும் உப்பு இரும்பை உள்ளிருந்தே தின்னும். கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணலில் ஒரு வாளி வாங்கி, நாலு தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் பழைய சீலையின் மேல் மூன்று வெயில் காயவிட்டு, மாவரிதட்டால் அரித்து எடுத்தேன். நீளமான பொலித்தீன் பைகளில் அடைத்து இறக்கினால் ஈரமும் ஏறாது, வீடு மாறும்போது எடுக்கவும் சுலபம். ஒரு தண்டுக்கு ஆறரைக் கிலோ போனது. முக்கால் பங்கோடு நிறுத்தினேன். விளிம்பு வரை நிரப்பியபோது தாளம் கொஞ்சம் சோம்பலாகிறது என்று என் காதுக்குப் பட்டது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாப் பெட்டிக்கும் கனமான ஸ்டாண்ட்தான் என்றும் இல்லை. பிபிசி 1970களின் தொடக்கத்தில் தன் வெளிக்கள ஒலிபரப்பு வான்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரைப் பலர் அறிந்திருப்பீர்கள். அதன் பெட்டி வேண்டுமென்றே மெல்லிய பலகையில் செய்தது. சுவர்கள் அதிரலாம், ஆனால் காதுக்கு உறுத்தாத சுருதியில், விரைவாக அடங்குமாறு அதிரட்டும் என்பது அந்தப் பொறியியலாளர்களின் எண்ணம். அந்த வழியில் வந்த பெட்டிகளுக்கு மெல்லிய மரச்சட்ட ஸ்டாண்ட் பொருந்தும் என்று அவற்றை வைத்திருப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். மொறட்டுவையில் நல்ல தச்சர்கள் இருக்கும்போது அதையும் செய்து பார்க்கலாம். என்னுடையவை தடித்த, இறுகிய பெட்டிகள். அவற்றுக்குக் கனம் பொருந்தியது.

பெட்டிக்கும் மேல்தகட்டுக்கும் இடையே நாலு மூலையிலும் கடலை அளவு புளூடாக் என்ற ஒட்டும் பசை. புத்தகக் கடையில் கிடைக்கும். பெட்டி வழுக்காது, அதிர்வையும் ஓரளவு உறிஞ்சும். அடியில் நாலு கூர்முனை, லேத் பட்டறையில் போல்ட்டை முனை சீவி எடுத்தது. ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த 25வது அங்குலமும் கிடைத்தது. எங்கள் வீட்டு நிலம் ரைல்ஸ். கூர்முனையை நேரே வைத்தால் வழுக்கும், கீறும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, குற்றியின் அடியில் மெல்லிய ஃபெல்ட். ரைல்ஸ் எங்கும் சமமில்லை, ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை மேல்தகட்டில் வைத்து, நாலு காலையும் திருகித் திருகி, பெட்டியின் தலையில் விரல் வைத்துத் தள்ளினால் அசையாத வரை நட்டை இறுக்கினேன். அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் வயலினின் நுனி மழுங்குவது கேட்கும்.

வயரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வாங்கினேன். மூன்று மீட்டருக்குப் போய்வரும் தடை 0.04 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. மிஞ்சும் காசில் நல்ல பதிவுகளை வாங்குங்கள்.

ஆனால் அறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கொழும்புத் தொடர்மாடி அறை என்றால் சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், வெறுமை. நடுவில் நின்று கையைத் தட்டினால் "சர்ர்" என்று ஒரு இழுவை வரும். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியரிடம், பேச்சே விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைத் திருத்தச் சொன்னார்கள். ஒரு சொல் ஐந்தரை வினாடிக்கு மேல் அங்கே சுழன்றுகொண்டிருந்தது. அவர் பக்கத்து அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒரு ஓர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியமுன் மெத்தைகள் திரும்ப அங்கே போய்விட வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் மண்டபங்கள் கட்டுவோர் இன்றும் பயன்படுத்தும் சூத்திரம். மெத்தையைத் தூக்கி வந்து கேட்பது என்ற அவருடைய முறையையே நானும் பின்பற்றினேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய தும்பு மெத்தை இருந்தது.

எங்கே வைப்பது என்பதைக் கண்ணாடி சொல்லும். நான் கதிரையில் இருக்க, அக்காவின் மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனாள். எந்த இடத்தில் எனக்குக் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிந்ததோ, அந்த இடத்தில் பட்டுத்தான் முதல் எதிரொலி என் காதுக்கு வருகிறது. இடப்பக்கம் அந்த இடத்தில் யன்னல் சீலை இருந்தது. வலப்பக்கம் வெறுஞ்சுவர். அதனால்தான் வீணையின் கமகங்கள் எப்போதும் வலப்பக்கம் ஒரு பளபளப்போடு கேட்டன. தும்பு மெத்தையைப் பிரித்து, மூன்று அங்குலத் தடிப்பில் இரண்டு சட்டங்களுக்குள் அடைத்து, அம்மாவின் பழைய பருத்திச் சேலையால் போர்த்தி மாட்டினேன். மெல்லிய சீலை மேல்சுருதியை மட்டும்தான் உறிஞ்சும். தடிப்பு இருந்தால்தான் குரலின் சுருதிவரை இறங்கும். பின்சுவருக்குப் புத்தக அலுமாரி. புத்தகங்கள் முன்னும் பின்னுமாக இருந்தால் நல்லது, ஒலி ஒரே திசையில் திரும்பாது.

இவ்வளவும் முடிந்த பிறகு தம்புராவைப் போட்டுக் கேட்டேன். நாலு தந்தியும் சுழன்று வரும்போது ஒவ்வொன்றிலும், தந்திக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாளியின் ரீங்காரம் தனித்தனியாக எழுந்து விரிந்தது. பெட்டிகள் இருக்கும் இடம் தெரியவில்லை. கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போனபோது சத்தம் யன்னலால் வந்து, தம்புராவைக் கடந்து, தெஹிவளைப் பக்கம் போனது. கோச்சியின் சத்தத்தைக்கூட அன்று விரும்பிக் கேட்டேன்.

இப்போது மிஞ்சியிருக்கும் ஒரே விஷயம் கதிரை. சரியான இடம் ஒன்றுதான், அதில் ஒருவர்தான் இருக்கலாம். அம்மா பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தால் அவருக்குக் குரல் இடது பெட்டிக்குள் போய்விடுகிறது, ஏனென்றால் அது அவருக்குக் கிட்ட. இதற்கும் வழி இருக்கிறது. தனியாகக் கேட்கும்போது பெட்டிகளின் பார்வை என் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். இருவர் கேட்கும்போது இன்னும் உள்ளே திருப்பி, எங்களுக்கு முன்னால் ஒரு அடியில் சந்திக்க விடுகிறேன். அப்போது இடப்பக்கம் இருக்கும் அம்மாவுக்கு இடது பெட்டி கிட்ட இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். தூரத்தில் இருக்கும் வலது பெட்டி அவரை நேரே பார்க்கும். ஒன்று முந்தி வருகிறது, மற்றது பலமாக வருகிறது. இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக் குரல் நடுவுக்குத் திரும்புகிறது. அகலம் கொஞ்சம் குறைகிறது. குறையட்டும்.

முதல் தடவை அப்படி வைத்தபோது அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு ரி.வி. இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"இப்ப அந்தப் பிள்ளை முன்னால வந்து நிண்டு பாடுது, என்ன?"

நிலத்தில் இரண்டு நிறத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். வெள்ளை எனக்குத் தனியாக. நீலம் இருவருக்கும். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்த பிறகு அம்மா வருவார் என்பதால், பின்னேரமே குற்றிகளை நீலத்துக்கு நகர்த்தி வைத்துவிடுகிறேன்.